முப்பத்து நாலு சைஸ் சிலுவார்

1. டேப்பை எங்கே வைப்பது

பினாங்கில், மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’தான். புதிதாக வேலைக்கு வரும் தாதிகளுக்கு இன்றும் முதலில் ஒன்று சொல்வேன்: இடுப்பளவு விஷயத்தில் எந்த ஆண்பிள்ளையின் பேச்சையும் நம்பாதீர்கள்.

தொப்பை வளர வளர அவர்கள் சிலுவாரை, அதாவது கால்சட்டையை, கீழே இறக்கிக்கொண்டே போவார்கள். அதனால் சைஸ் மாறவே மாறாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குணசேகரனும் அப்படித்தான்.

“கல்யாணத்துல இருந்து எனக்கு முப்பத்து நாலுதான் மிஸ்ஸி” என்றார்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பை வைத்தேன். நாற்பத்து மூன்று.

“உங்க டேப்பு கெட்டுப் போச்சு லா!”

இருவரும் சிரித்தோம். ஆனால் அவர் வந்தது சிரிக்க அல்ல. படி ஏறினால் தொடை வலிக்கிறது, கால் துவண்டுபோகிறது என்று காட்டத்தான் வந்திருந்தார்.

2. வெயிலுக்குப் பஞ்சம்

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. வருஷம் முழுக்க வெயில் கொளுத்தும் பினாங்கில்! வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அந்தக் கதைதான். அவருக்கு நிரந்தர நைட் ஷிப்ட். காலையில் வீட்டுக்குப் போய் ஜன்னலை மூடிவிட்டுப் படுத்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார்.

கம்பெனி டாக்டரம்மா அவரிடம் பொறுமையாக விளக்கினார். “வயித்துக் கொழுப்பு வைட்டமின் டி-ய பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துக்குச் சரியா விடாது. தொப்பையால டி குறையுதா, டி குறைஞ்சதால தொப்பை போடுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ரெண்டும் ஜோடியாத்தான் வருது. மாத்திரை தர்றேன். வயித்தைக் குறைங்க. கொஞ்சம் வெயில் படற மாதிரி இருங்க.”

“காலையில வேலை முடிஞ்சதும் கொஞ்சம் நடங்களேன்” என்றேன் நான்.

“நின்னாலே கண்ணு சொருகுது மிஸ்ஸி. இதுல மோட்டார் சைக்கிள ஓட்டி வீடு போய்ச் சேரணும்.”

அவரைப் பகல் வேலைக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசர் மணிவேலிடம் போனேன். “டே ஷிப்ட் ஃபுல் மிஸ்ஸி. மாத்திரை குடுங்க, காசு கம்பெனி கட்டும்” என்றார். மறுபடி மறுபடி போய்க் கேட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

குணசேகரன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். ராத்திரி பசிக்குப் பரோட்டா மாதிரி ரொட்டி சானாயும், இனிப்பான தே தாரிக் டீயும் சாப்பிட்டார். டி கொஞ்சம்தான் ஏறியது, தொப்பை குறையவே இல்லை.

3. நாற்காலி

ஒரு நாள் ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறங்கும்போது அவருக்குக் கால் துவண்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இத்தனை சின்ன வீழ்ச்சியில், ஐம்பதுகூட ஆகாதவருக்கு எலும்பு முறியலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். சில மாதங்களில், வேலைக்குத் தகுதியில்லை என்று கம்பெனி அவரை அனுப்பிவிட்டது.

பார்க்கப் போனேன். அடுக்குமாடியின் கீழே, கார் நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஊன்றுகோல். உச்சி வெயில் அவர் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

“இப்ப நாளெல்லாம் வெயில்தான் மிஸ்ஸி. நீங்கல்லாம் சொன்ன மாதிரியே உட்கார்றேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “டி ஏறிடுச்சுன்னா திரும்ப எடுத்துக்குவாங்களா?”

“பாக்கலாம் குணா” என்றேன். எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

டேப்பைச் சரியான இடத்தில் வையுங்கள், தங்கச்சிகளே. அதைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். ஆனால் அளவு தெரிந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் சரியாகத்தான் அளந்தேன்.