கொல்லைப்பக்கத்து வலைக்கம்பி வேலி

அண்ணனூரில் ரயில் லைனை ஒட்டிய அந்தத் தெருவில் நாகவல்லியிடம் திட்டு வாங்காதவர் யாருமில்லை. கூரியர்காரன் முதல் கவுன்சிலர் வீட்டு நாய் வரை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் செக்கிங் செய்தே வயதைக் கழித்தவள். ஒரு தையல் கோணினாலும் தைத்தவள் முகத்தில் வீசுவாள். வேலையை விட்ட பிறகு வீசுவதற்குச் சட்டை இல்லை, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

வேலையை அவள் ஆசைப்பட்டு விடவில்லை. கணவர் ஜம்புலிங்கத்துக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்தது. இரும்புக் கேட்டும் கம்பி வேலியும் செய்யும் பட்டறையில் காலமெல்லாம் உழைத்த மனிதருக்கு இப்போது சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, சாப்பிட்டோமா என்று தெரியாது. நடக்க மட்டும் நன்றாகத் தெரியும். வாசல் கேட்டுக்குப் பூட்டு இருந்தது. கொல்லையில் என்றோ அவரே போட்ட வலைக்கம்பி வேலி. அதைத் தாண்டினால் புதர், புதரைத் தாண்டினால் தண்டவாளம். அந்த வேலி நிற்கும் வரைதான் அவர் உயிரோடு இருப்பார் என்று நாகவல்லிக்குத் தெரியும்.

அதனால் மழை ஓய்ந்ததும் வேலியின் இரும்பு ஆங்கிள் கம்பங்களில் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்ப்பாள், ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிப்பாள், வலை தளர்ந்த இடத்தைக் கட்டுக்கம்பியால் முறுக்குவாள். கட்டிங் பிளேயர் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துவிட்டது.

அப்படிப்பட்ட வேலியில் யாரோ கை வைத்தார்கள். ஒரு நாள் மதியம் தண்டவாளத்து ஜல்லிமேல் உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கத்தை லைன் பார்க்கும் ரயில்வே ஆள் ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். போய்ப் பார்த்தால் வலையில் ஆள் நுழையும் அளவுக்குப் பிளவு. நாகவல்லிக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்து அடுக்குமாடிப் பிளாட்டுக்கும் இவள் கொல்லைக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். பிளாட்டுக்காரர்கள் அதை எகிறிக் குதித்து, வேலியைப் பிரித்து ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி பிடிக்கிறார்கள் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

கீழ்த்தளத்து விஷால்தான் கையில் அகப்பட்டான். மதுரைப் பக்கத்துப் பையன், ஐடியில் வேலை. மனைவி நிஷாவோடு வாசலில் நின்றவனை மறித்தாள்.

"இன்னாப்பா, படிச்ச புள்ளதான நீ? எங்கூட்டு வேலிய பிச்சிகினு ஸ்டேஷனுக்குப் போறியே, எம்புருசன் ரயில்ல அடிபட்டா நீ வந்து பதில் சொல்வியா?"

"ஆன்ட்டி, நான் ட்ரெயின்லயே போறதில்ல. ஆபீஸ் கேப் வாசலுக்கே வந்துருது."

"நீ இல்லன்னா எவன்னு சொல்லு. எல்லாம் கூட்டுக் களவாணிங்க."

நிஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாகவல்லி அவளுடைய படிப்பு, வளர்ப்பு, பெற்றவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. அந்தப் பெண் கண் கலங்கி உள்ளே போனதைப் பார்த்து மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பிளவை இறுக்கிக் கட்டினாள். சில நாளில் பக்கத்திலேயே இன்னொரு பிளவு. அதையும் கட்டினாள், மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவரைப் புதருக்குள்ளிருந்து இழுத்து வந்தாள், பிளாட்டைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். கம்பி எங்கும் வெட்டுப்படவில்லை. நுனி மடிப்பை நிமிர்த்தி, ஒற்றைக் கம்பியை மட்டும் திருகித் திருகி மேலே உருவியிருந்தது; அதை உருவினாலே வலை இரண்டாகப் பிரிந்துவிடும். வேலி போடத் தெரிந்தவன் செய்கிற காரியம் அது. கண்ணால் பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை. கோபம் யோசிக்க விட்டால்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவள் கம்பி உரசும் சத்தம் கேட்டு எழுந்தாள். இன்றைக்கு எவனென்று பார்த்துவிடுவது என்று துடைப்பத்தோடு கொல்லைக்கு ஓடினாள்.

ஜம்புலிங்கம் வேலியோரம் குந்தியிருந்தார். கையில் அவளுடைய பிளேயர். பொத்தான் போடத் தெரியாத அந்த விரல்கள் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கம்பியைத் திருகி ஏற்றிக்கொண்டிருந்தன.

"இத்தினி நாளா நீதானாய்யா? ஊரையெல்லாம் நாய் மாதிரி கொலைக்க வுட்டியே என்னை. சாவறதுக்கு அவ்ளோ அவசரமா உனுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுவது போல மரியாதையாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சத்தம் போடாதம்மா. இந்த ஊட்ல ஒரு பொம்பள கீது. பொல்லாத பொம்பள. எப்பப் பாரு கத்திகினே கீது. நான் பிரிக்கப் பிரிக்கக் கட்டிடுது. நான் எங்க ஊட்டுக்குப் போவணும். நாகவல்லி சாப்டாம எனக்காவ ஒக்காந்துகினு இருக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்த நிஷா அப்படியே நின்றுவிட்டாள். நாகவல்லியால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

கோபம் அப்போதும் தணியவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அது போய் நின்றது, அவர் நினைப்பில் இருக்கும் அந்த இன்னொரு நாகவல்லியின் மேல். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கழுவிவிடுவதும் இவள், காத்திருக்கிற நல்ல பேர் மட்டும் அவளுக்கு.

பிளேயரை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அவ ஒன்னும் காத்துகினு இல்ல," என்றாள். "துன்னுட்டுத் தூங்கிட்டா. நீ உள்ள போய்ப் படு."

"சாப்டுச்சா?" என்று கேட்டார். அவள் தலையாட்டியதும் முகம் தெளிந்து, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.