முன்வாசல் இல்லாத ஓட்டல்

ஓட்டல்களில் ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் பழுது பார்க்கிறவளுக்கு ஐஸ் அக்கா என்று பேர். பேர்தான் ஐஸ்; யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாதவள். மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள். பதினோரு வருடமாக இந்தப் பெரிய நகரத்தில் அவள் கால் படாத சமையலறை குறைவு. வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே கம்ப்ரஸர் போய்விட்டது என்பாள், போயிருக்கும். அதில்தான் வம்பு. மெஷின் விஷயத்தில் தப்பே செய்யாதவளுக்கு மனுஷர் விஷயத்திலும் தான் சொன்னதுதான் சரி என்ற நினைப்பு ஊறிவிட்டது.

தம்பியோடு பேச்சு அறுந்ததும் அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவன் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வண்ணமீன் கடை வைக்கப்போவதாகச் சொன்னான். அவன் பெண்டாட்டியும் மாமனாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர்கள் முன்னாலேயே, “நீ எதுல கை வச்சாலும் உருப்படாதுடா” என்றாள் அக்கா. தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அவள் சொன்னதற்கு நேர்மாறாகக் கடை நன்றாக ஓடியது. புது வீட்டுக்குக் குடிபோனான் என்று மூன்றாம் மனுஷர் சொல்லித் தெரிந்துகொண்டாள். வெளியே வீறாப்பாகத் திரிந்தாலும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான்.

அப்படிப்பட்டவன் போன வாரம் தானாகவே போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் போகலாமா என்று கேட்டான். யார் வீட்டிலும் வேண்டாம், வெளியில் பார்த்துக்கொள்ளலாம், இடத்தை நீயே சொல்லு என்று வைத்துவிட்டான். பிரஞ்ச் என்பது வேறொன்றுமில்லை. லீவு நாளில் எழுந்திருக்கச் சோம்பல்பட்டவர்கள் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டுக் கண்டுபிடித்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஒரு சாப்பாடு கோணலாகிவிட்டால் தம்பி இன்னொரு தடவை கூப்பிடமாட்டான் என்று மட்டும் தெரிந்தது.

ஊரில் எல்லோரும் போனில் நட்சத்திரத்தை எண்ணி ஓட்டல் தேடுவார்கள். அக்கா ஃப்ரீசரை வைத்துத் தேடினாள். ஆற்றங்கரையில் வரிசை கட்டி நிற்கிறார்களே, அந்தப் பேர்பெற்ற கடையா? அதன் ஃப்ரீசரில் சுவர் மாதிரி ஐஸ் கட்டியிருக்கும், அதற்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது. மொட்டைமாடி ஓட்டலா? ருசி பார்த்த கரண்டியை அப்படியே குழம்புக்குள் விடுகிற சமையல்காரர். கண்ணாடிக் கட்டடத்துக் கடையில் நேற்றைய பழத்தை இன்றைய பழத்துக்கு அடியில் தள்ளுவார்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டினாள். பஸ் ஓட்டுகிற அவள் புருஷன், “நீ இப்படியே போனா நாம பட்டினிதான்” என்றார்.

கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று. சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் சாம்பல் நிறத் தகரக் கதவு. உள்ளே பளிங்கு மாதிரிச் சமையலறை. ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டுகிற, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட சமையல்காரம்மா. ஒருமுறை வேலை முடித்துக் கை கழுவியபோது அந்தம்மா நீட்டிய ஆம்லெட்டையும் சூடான ரொட்டியையும் நின்றபடியே தின்றிருக்கிறாள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. தம்பிக்கு உடனே போன் போட்டு, பதினோரு மணிக்குச் சந்தை மணிக்கூண்டுப் பக்கம் வா, உன் ஜென்மத்தில் இப்படிச் சாப்பிட்டிருக்கமாட்டாய் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு பத்தரைக்கே போய்விட்டாள். சந்து வேண்டாம், விருந்தாளிகளை முன்வாசல் வழியாக அழைத்துப்போக வேண்டும் என்று அடுத்த தெருவுக்குச் சுற்றிக்கொண்டு வந்தாள். அங்கே ஒரு பூட்டுக்கடை, ஒரு கண் ஆஸ்பத்திரி, இடையில் வெறும் சுவர். இன்னொரு சுற்று வந்தாள். சுவர்தான். வேறு வழியில்லாமல் தகரக் கதவைத் தட்டினாள்.

“முன்வாசலா?” என்றார் சமையல்காரம்மா. “அப்படி ஒண்ணு கிடையாதே. இங்க யாரும் வந்து சாப்பிடறதில்ல. போன்ல ஆர்டர் வரும், பைக்ல போகும். இத்தனை நாள் வந்து போறீங்க, தெரியாதா?”

தெரியாது. மூன்று வருடத்தில் ஆறு தடவை வந்திருக்கிறாள். ஒரு நாற்காலி கூடக் கண்ணில் பட்டதில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. எல்லா ஓட்டலையும் பின்பக்கமாகவே பார்த்துப் பழகிவிட்டதால், முன்பக்கம் என்று ஒன்று தானாக இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

தம்பியும் அவன் பெண்டாட்டியும் மணிக்கூண்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். புருஷன் காதோரம், கடைக்கு இன்றைக்கு லீவு என்று சொல்லிவிடு, பழி கடைக்காரர்மேல் போகட்டும் என்றார். அக்காவுக்கு அது புதிய வித்தையா என்ன? வேலைக்குப் போக லேட்டானால் கரண்ட் மேலும் கூட வரும் எடுபிடிப் பையன்கள் மேலும் எத்தனை பழி போட்டிருக்கிறாள். ஆனால் தம்பியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் வாயில் அது வரவில்லை. காதோரம் நரைத்திருந்தான்.

“தப்பாப் பார்த்துட்டேன்டா,” என்றாள். “உள்ள உக்காரவே இடமில்ல. நான் கேக்கவே இல்ல, எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டேன்.” தம்பி பெண்டாட்டி பக்கம் கையைக் காட்டினாள். “அன்னிக்கு இவங்க முன்னாடி உன்னச் சொன்னதும் தப்புதான்.”

அக்காவின் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை வந்து தம்பி கேட்டதே இல்லை. தம்பி பெண்டாட்டிதான் மெல்ல, சாப்பாடு நன்றாக இருக்குமா அக்கா என்று கேட்டாள். அதில் மட்டும் சந்தேகமே வேண்டாம் என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆர்டர் இல்லாமல் கையில் கொடுக்கக்கூடாது என்று சமையல்காரம்மா சொல்லிவிட்டார். தம்பி போனை எடுத்து நாலு பேருக்கும் ஆம்லெட், ரொட்டி, பழம் என்று போட்டான். எங்கே அனுப்ப என்று போன் கேட்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ தட்டினான். அக்கா எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத தெரு.

“இது எங்கடா?”

“எங்க வீடு,” என்றான் தம்பி. “சாப்பாடு வர்றப்போ ஆள் இருக்கணும். சீக்கிரம் நட, அக்கா.”