இழவு வீட்டில் கேலி பேசாதவன்

தியெமோகோ குலிபாலி மாலி நாட்டுப் பமாக்கோவில் துணி அடிப்பவன். இருபத்திரண்டு வருஷமாக என் சாயப் பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் வேலை. வெளிநாட்டிலிருந்து வெள்ளையாக வந்து இறங்கும் பசேன் என்ற பருத்தித் துணிக்கு நாங்கள் பெண்கள் சாயம் ஏற்றிக் கஞ்சி போடுவோம். ஆனால் கண்ணைப் பறிக்கும் அந்தப் பளபளப்பைக் கொடுப்பது கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல்தான். மரத்துண்டின் மேல் துணியை மடித்து வைத்து, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒருவன் தாளம் தப்பினாலும் மற்றவன் விரல் போய்விடும்.

அவனுக்கு எதிரே உட்கார்ந்தவன் நாமோரி கெய்த்தா. குலிபாலி, கெய்த்தா என்ற இரண்டு குலங்களுக்கும் கேலி உறவு. அது பிறப்பிலேயே வருவது. எவ்வளவு மட்டமாகப் பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருவரையொருவர் பயறுதின்னி என்பதுதான் அதில் வழக்கமான வசை.

"டேய் பயறுதின்னி, வலுவா அடிடா. காலைல ஒரு சட்டிதான் தின்னியா?"

"ரெண்டாவது சட்டியத்தான் நீ வழிச்சு நக்கிட்டியே!"

நாள் முழுக்க இதே பேச்சு. எனக்குக் காது புளித்துப் போகும்.

நாமோரியின் மனைவி வொரோக்கியா என்னிடம் சாயம் போட்டவள். அவுரி நீலத்தில் அவள் கைக்கு ஈடே இல்லை. தியெமோகோவின் மகள் சனாத்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மணப்பெண் துணிக்குத் தானேதான் சாயம் போடுவேன் என்று வொரோக்கியா பிடிவாதம் பிடித்தாள். ஏழு முறை முக்கி எடுத்தாள். துணி காய்ந்த வாரமே காய்ச்சலில் போய்விட்டாள்.

கெய்த்தா வீட்டில் இழவு என்றால் குலிபாலிகள் போய் அமர்க்களம் பண்ண வேண்டும். சவம் எடுக்கும் வழியில் குறுக்கே படுத்து, பங்குப் பயறு கேட்டு வம்பு செய்ய வேண்டும். துக்கத்தில் உறைந்தவனை ஒரு நொடியாவது சிரிக்க வைப்பது அவர்கள் கடமை. தியெமோகோ போனான், உட்கார்ந்தான். ஒரு சொல் வரவில்லை. தலையைக் குனிந்து அழுதான், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுவதற்கு நாங்கள் இல்லையா?

மறுவாரமே நாமோரி வேறு கொட்டகைக்குப் போய்விட்டான். "யாரோ மாதிரி வந்து அழுதுட்டுப் போறான். நான் அவனுக்கு அந்நியனாக்கா?" என்று என்னிடம் கேட்டான். கோபமே கூடாத உறவில் கோபம் வந்துவிட்டது.

நான்கு மாதம் ஓடிற்று. கல்யாணம் நெருங்கிவிட்டது. நீலத் துணி என் பெட்டியில் மங்கலாகவே கிடந்தது. வேறு ஆளை வைத்து அடிக்கச் சொன்னால் தியெமோகோ கேட்கவில்லை.

"வொரோக்கியா போட்ட சாயம்க்கா. எதிர்ல அவன்தான் உக்காரணும்."

"அப்ப போய்க் கூப்பிடு. வீடு தெரியாதா?"

"என்ன சொல்லிக் கூப்பிடுறது?"

"நாலு மாசம் முன்னாடி சொல்லியிருக்க வேண்டியதச் சொல்லுடா!"

மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினான். ஒரு கையில் நீலத் துணி, மறு கையில் வேகவைத்த பயறு. நாமோரி முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். தியெமோகோ சட்டியை அவன் முன்னால் வைத்தான். ஐம்பது வயது மனிதன், வாசலுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்தான்.

"என்னைக் கேக்காம யாருடா வொரோக்கியாவைத் தூக்கிட்டுப் போனது? இந்தப் பயறுதின்னியோட இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கா! அவளுக்குப் பதக்கமில்ல குடுத்திருக்கணும்!"

கேலி பேசும்போதே கண்ணீர் அவன் காதுக்குள் வழிந்தது. நாமோரியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்தான், சிரித்தபடியே விம்மி அழுதான். அவளைப் புதைத்த அன்றுகூட அவன் அழவில்லை.

பிறகு ஒரு கை பயறை அள்ளி வாயில் போட்டான்.

"வந்ததும் லேட்டு. இதுல உப்பும் இல்ல."

அன்று மதியம் இரண்டு கொட்டாப்புளிகளும் மாறி மாறி விழுந்தன. நீலம் மெல்ல மினுங்கத் தொடங்கியது. நான் சாயத் தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நன்றாக அடித்த பசேன், உடுத்தி நடக்கும்போது மொரமொரவென்று சத்தம் போடும். கல்யாணத்தன்று சனாத்தா நடந்து வர, கூட்டம் வாயடைத்துப் போயிற்று. நாமோரி மட்டும் எழுந்து நின்றான்.

"என்னடா சத்தம்? குலிபாலி வீட்டுல பயறு வறுக்குறாங்களா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சனாத்தா அருகே வந்ததும் அவன் குனிந்து துணியின் ஓரத்தை விரலால் தடவினான். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"நல்லா வந்திருக்கு வொரோக்கியா, உன் நீலம்."