மாப்பிள்ளை அழைப்புக்குப் போன எஞ்சின்

எழுபதுகளின் தொடக்கத்தில் என் அக்காவின் கணவர் அம்பத்தூரில் சொந்த டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். மாமா என்றுதான் நான் கூப்பிடுவேன். நான் அப்போது பத்திரிகை நிருபர். அந்த வருஷம் வண்டிக்கு ஆயில் ஊற்றி மாளவில்லை. ஸ்டாண்டை விட்டு அது புகை கக்கிக்கொண்டு கிளம்பினால், "கொசு மருந்து வண்டி போவுதுடா" என்று மற்ற டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றினார்கள்.

கள்ளிக்குப்பத்துப் பட்டறை ஒன்றில் எஞ்சினை இறக்கினோம். அங்கே தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்குபவருக்கு என் வயதுதான். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் என் விரலைப் பிடித்து சிலிண்டருக்குள் விட்டார். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் தட்டியது. பிஸ்டன் ரிங் ஏறி இறங்கும் இடமெல்லாம் தேய்ந்துபோக, ரிங் எட்டாத விளிம்பு மட்டும் பழைய அளவிலேயே நின்றிருந்தது. பிறகு ஒரு ரிங்கை உள்ளே வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்து மட்டமாகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே மெல்லிய தகடுகளை விட்டு இடைவெளியை அளந்தார். மேலே அதிகமாக இருந்த இடைவெளி கீழே போகப் போகக் குறைந்தது.

"மேல அகலம், கீழ குறுகல். புனல் மாரி ஆயிட்சி அண்ணாத்தே."

"ரிங் மட்டும் மாத்தினா?" என்றார் மாமா.

"புது ரிங்கு இந்தப் படில இடிச்சு ஒடையும். கடஞ்சுதான் ஆவணும். முன்னாடியே கடஞ்ச பிளாக்கு இது. இதான் கடைசி. இதுக்கு மேல செவுரு தாங்காது, உள்ள ஸ்லீவு கொழாயும் சொருவ முடியாது."

மாமாவுக்கு வேறு வண்டி இல்லை. வேறு தொழிலும் தெரியாது. சிலிண்டர்கள் இருக்கும் இந்த பிளாக் போனால் டாக்சியும் போய்விடும்.

கடைந்து, பெரிய அளவு பிஸ்டன் போட்டு எஞ்சினை ஏற்றினார்கள். புதுச் சுவரும் புது ரிங்கும் உரசிப் பதமாகும் வரை மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது கடைந்தவரின் கட்டளை. ஆவடி சாலையில் மாமா ஓட்டிய வேகத்துக்கு, சைக்கிளில் போகிறவர்கள் பக்கத்தில் வந்து "இன்னா நைனா, தூங்கினு ஓட்டறியா?" என்று விசாரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கடைந்தவருக்கே கல்யாணம் வந்தது. பெண் பருத்திப்பட்டு.

"மாப்பிள அழைப்புக்கு உன் வண்டிதான் அண்ணாத்தே. மோளக்காரன் பின்னாடியே ஊர்ந்து போவப்போற. புது எஞ்சினுக்கு இத விட நல்ல சவாரி ஏது?"

எங்கள் மூவருக்குமே அது சரியாகத்தான் பட்டது.

மாலையில் பருத்திப்பட்டுப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. வண்டி முதல் கியரிலேயே இருந்தது. ஒவ்வொரு முனையிலும் நாதஸ்வரக்காரர் நின்று வாசிக்க, நாங்களும் எஞ்சின் ஓடியபடியே நின்றோம். சாலையில் மெதுவாகப் போனாலும் ரேடியேட்டருக்குக் காற்றுக் கிடைக்கும். இங்கே கிடைக்கவில்லை. முன் சீட்டில் என் கால்களில் அனல் அடித்தது. பின்னால் கோட்டும் மாலையுமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முன்னே சாய்ந்து காது கொடுத்தார்.

"அண்ணாத்தே, சத்தம் இறுகுது. ஆஃப் பண்ணு."

"நடுத்தெருவுலயா? மெதுவா ஓட்டுனு சொன்னது நீதானே?"

"ஓட்டத்தான் சொன்னேன். நிக்க வெச்சு வேவ வெக்கவா சொன்னேன்?"

"அழைப்புக்குக் கூப்ட்டதும் நீதான்."

"தப்பு என்னுதுதான். சூட்டுல பிஸ்டன் செவுத்தப் புட்ச்சிக்கிட்டா பிளாக்கு போயிடும். ஆஃப் பண்ணு மொதல்ல."

மாமா சாவியைத் திருப்பினார். மாப்பிள்ளையின் அப்பா முகம் வெளுத்து ஓடிவந்தார்.

"அழைப்பு வண்டி நிக்கலாமாடா? பொண்ணு ஊட்ல இன்னா நெனப்பாங்க?"

"நிக்காதுப்பா. தள்ளிகினு வருவாங்க."

பட்டறைக் கூட்டாளிகள் பின்னால் போய்க் கை வைத்தார்கள். "பேப்பர்காரரே, நீயும் வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

"மாமே, மாப்பிள வெயிட்டா கீறான். எறங்கி நடக்கச் சொல்லு."

"அவன் எறங்கினா பொண்ணு நம்மள்ள ஒர்த்தனுக்கு மால போட்டுடும்டா."

"போடட்டுமே. உனுக்கின்னா கஷ்டம்?"

நாதஸ்வரக்காரர் எங்கள் மூச்சுக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்தார். பெண் வீட்டுப் பந்தல் வரை தள்ளினோம். மாமா ஸ்டியரிங்கைத் திருப்பி ஓரமாக நிறுத்தினார்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையைப் பந்தலில் காணவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி எஞ்சினை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் இடம் வந்தபோது கைப்பிடி கனத்து, பிறகு இளகியது. நாலும் ஒரே கனம்; எதுவும் கெடவில்லை.

"நீயே சுத்திப் பாரு அண்ணாத்தே."

மாமா சுற்றினார். மாப்பிள்ளை போதும் என்று சொன்ன பிறகும் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, அங்க சாப்பாடு ஆறுது" என்று பந்தலிலிருந்து புதுப்பெண் முதல் தடவையாகப் புருஷனைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் கை கழுவப் போனோம்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வண்டியில்தான் கள்ளிக்குப்பம் வந்தார்கள். பருத்திப்பட்டு எல்லை தாண்டியதும், "இனிமே போடலாம் அண்ணாத்தே" என்று பின்னாலிருந்து மாப்பிள்ளை சொல்ல, மாமா டாப் கியர் போட்டார்.