துண்டு மட்டத்தில் ஒரு நாற்காலி

அப்பாவுக்கு வாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன வருஷம் நான் ஒரு நாற்காலி செய்ய முயன்றேன். எனக்குத் தச்சு வேலை தெரியாது, இப்போதும் தெரியாது. பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிம்மாசனத்தில் ஏறியவர்களையும் அதிலிருந்து தள்ளப்பட்டவர்களையும் வரிசையாக மனப்பாடம் செய்தவனுக்கு, ஒரே ஒரு மனிதரை நேராக உட்காரவைப்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

சங்கரன்கோவிலில் எங்களுக்கு வத்தல் கமிஷன் கடை. சுற்றுப்பட்டு ஊர்களில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் மிளகாய் வத்தலை வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வியாபாரிகள் வாங்க வருவார்கள். நடுவில் அப்பா. விலை வாயால் பேசப்படுவதில்லை. அப்பாவும் வியாபாரியும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, வலது கைகளைக் கோர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். எந்த விரலை எந்தக் கணுவில் அழுத்துகிறோம் என்பதுதான் விலை. துண்டுக்கு வெளியே இருவரும் மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே கொலை நடந்துகொண்டிருக்கும்.

வாதம் அப்பாவின் வலது கையை விட்டுவைத்திருந்தது. வாய் கொஞ்சம் குழறியது என்றாலும் என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெளிவு இருந்தது. ஆனால் உட்காரவைத்தால், கட்டுத் தளர்ந்த மூட்டை மாதிரி மெதுவாக இடது பக்கம் சரிந்துவிடுவார். சம்மணம் போட வழியே இல்லை. டாக்டர், “இனிமே ரெஸ்ட்தான்” என்றார். அப்பா அவர் போகும்வரை காத்திருந்தார்.

“ஏலே, மாசி பொறந்தா வத்தல் வரத்து வந்துரும். அதுக்குள்ள என்னையக் கடையில உக்கார வச்சிரு. இல்லைன்னா கடையில்ல, ஒண்ணுமில்ல.”

அதில் மிகை எதுவும் இல்லை. சம்சாரிகள் எங்கள் கடையைத் தேடி வந்ததில்லை. அப்பாவின் கையைத் தேடி வந்தார்கள். எனக்கு வாய்த்திருந்தது பேனா பிடிக்கிற கை. ஆகவே நாற்காலி.

ஊரிலுள்ள நாற்காலிகளை முதலில் ஆராய்ந்தேன். பத்திர ஆபீசில் இருந்த பிரம்பு நாற்காலி, அதிகாரி இல்லாத நேரத்திலும் அதிகாரி மாதிரியே இருந்தது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற இரும்பு மடக்கு நாற்காலிக்கு, விரலை நசுக்குவதைத் தவிர வேறு கொள்கை இல்லை. சலூன் நாற்காலி எனக்குப் பிடித்தது. தலையைத் தாங்கியது, காலைத் தாங்கியது. அப்பாவிடம் சொன்னேன். “வாரவன்லாம் சேவிங் பண்ணிக்கிட்டுப் போகட்டுங்கியா?” என்றார். நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் படப் புத்தகம் கிடைத்தது. வளைத்த மரம், மெல்லிய கால், வெட்டுக்கிளி மாதிரி நாற்காலிகள். பக்கம் பக்கமாகப் புரட்டியும் ஒன்றில்கூட ஆள் உட்கார்ந்திருக்கவில்லை. உட்காருகிற ஆள் வந்துதான் நாற்காலியைக் கெடுக்கிறான் என்பது அந்தப் புத்தகத்தின் துணிபு என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். தையல்காரரிடம் டேப் வாங்கிவந்து, படுத்திருந்த அப்பாவை அளக்கப் போனபோது அம்மா டேப்பைப் பிடுங்கிவிட்டாள்.

“உசிரோட படுத்திருக்க மனுசனுக்கு அளவெடுக்கியாக்கும்? பாடை கட்டவா போற?”

“நாற்காலிக்கும்மா.”

“எதுக்குன்னாலும் படுக்கையில அளக்கக் கூடாது. எந்திரிச்சு உக்காரட்டும், அப்புறம் அள.”

எழுந்து உட்கார்வதற்காகத்தான் நாற்காலி. நாற்காலிக்காக எழுந்து உட்கார வேண்டும் என்றால் என்ன செய்வது? நான் என் உடம்பை அளந்து, அங்கங்கே அப்பாவுக்காகக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டேன். இரண்டு பக்கமும் கைவைத்த, நேர் முதுகுள்ள, கம்பீரமான ஒரு நாற்காலி தாளில் பிறந்தது.

ஆசாரியிடம் கொண்டுபோனேன். கதவு, கட்டில், மாட்டு வண்டி என்று வாழ்ந்தவர். என் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, “பிரமாதம் தம்பி” என்றார். அதை நேராகத் திருப்பிக் கொடுத்தேன். “இப்பவும் பிரமாதம்” என்றார். அவர் எதையும் மறுக்கமாட்டார் என்பது எனக்கு அப்போது நல்ல குணமாகப் பட்டது.

அந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்ததும் வழக்கம்போல இடது பக்கம் சரிந்தார். நாற்காலியின் கை அவர் விலாவில் குத்தியது. “எடுலே, எடுலே!” என்று கத்தினார். ஆசாரி சுற்றிவந்து நான்கு காலையும் தட்டிப் பார்த்தார்.

“நாக்காலி நேராத்தான் இருக்கு தம்பி. அண்ணாச்சிதான் சாஞ்சிருக்காக.”

இதைவிடச் சரியான குறிப்பை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. ஆனால் பயன் என்ன?

அடுத்த நாற்காலிக்கு முதுகைப் பின்னால் நன்றாகச் சாய்த்தேன். சாய்ந்தே ஆகவேண்டும் என்றால் பின்னால் சாயட்டும் என்பது என் தத்துவம். அப்பா விழவில்லை. ஆனால் அவர் கண் கூரை ஓட்டைப் பார்த்தது. எதிரே நிற்பவர்களுக்குத் தாடை மட்டும்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்த சம்சாரி ஒருவர் அந்தத் தாடையிடம் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பேசிவிட்டு, வெளியே வந்து என்னிடம், “அண்ணாச்சி முழிச்சிருக்காகளா?” என்று கேட்டார்.

தை பிறந்துவிட்டது. மாட்டுக்காகத் தொழுவில் வைத்திருந்த தவிட்டு மூட்டை ஒருநாள் கண்ணில் பட்டது. யாரோ அதில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. பாதித் தவிட்டைக் கொட்டிவிட்டு மூட்டையை வீட்டுக்குள் இழுத்துவந்து, நானும் அம்மாவுமாக அப்பாவைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டோம். படுக்கையில் அளக்கவில்லை, டேப்பால் அளக்கவில்லை. அப்பாவை இறக்கிய பிறகு பள்ளத்தில் கையை விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கிணறு மாதிரி இறங்கியிருந்தது, வலது பக்கம் லேசாக. அப்பா எங்கே விழுகிறார் என்பது அந்தத் தவிட்டில் தெரிந்துவிட்டது. இருக்கையை இடது பக்கம் அந்த அளவுக்குத் தூக்க வேண்டும், நாற்காலியின் இடது கையை அக்குள்வரை உயர்த்தி மெத்தை வைக்க வேண்டும், முதுகை லேசாக வலது பக்கம் திருப்ப வேண்டும். வரைந்து முடித்தபோது அது நாற்காலி மாதிரியே இல்லை. யாரோ உதைத்த நாற்காலி மாதிரி இருந்தது. ஆசாரி, “பிரமாதம்” என்றார்.

அதில் அப்பா நேராக உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகுதான் துண்டு ஞாபகம் வந்தது. வியாபாரி வத்தல் மூட்டைமேல் உட்காருவார். அப்பா நாற்காலியில் உயரமாக இருந்தால் வியாபாரி தலைக்குமேல் கையைத் தூக்கிப் பேரம் பேச வேண்டும். அதற்கு மனு கொடுப்பது என்று பெயர். துண்டுக்குள் இரண்டு கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆசாரியிடம் நாற்காலியின் கால்களை அறுக்கச் சொன்னேன். வலப்பக்கக் கையை அடியோடு எடுக்கச் சொன்னேன். மூட்டைமேல் உட்கார்ந்து நானே வியாபாரியாகக் கையை நீட்டினேன். துண்டு போட்டதும் அப்பாவின் விரல்கள் என் கணுவைப் பிடித்து நெரித்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏலே, வெல ஒன் மூஞ்சியிலயே தெரியுதே. இவன்லாம் எங்கன வியாபாரம் பாக்க” என்றார். நோய் வந்தபிறகு முதன்முறையாகச் சிரித்தார்.

மாசியில் கடை திறந்தோம். மேலநீலிதநல்லூர்ச் சம்சாரி ஒருவர் முதல் வத்தலை இறக்கினார். வாங்க வந்தவர் அப்பாவோடு எத்தனையோ வருஷம் துண்டுக்குள் மல்லுக்கட்டிய வியாபாரி. அவர் வந்துபோன நாட்களில் அப்பா சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டிருக்கிறார்.

“அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?”

“இருக்கேன் வே. உக்காரும்.”

துண்டு விழுந்தது. வியாபாரி மழையைப் பற்றி ஒரு வார்த்தை ஆரம்பித்தார். அதை முடிக்கவில்லை.

“சரி அண்ணாச்சி, முடிச்சிக்கிடுவோம்.”

“என்னத்த வே முடிச்சிக்கிடுவோம்? இப்பத்தான தொடுதேன்.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒடம்பப் பாத்துக்கிடுங்க.”

அவர் கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டார். சம்சாரி விலையைக் கேட்டு வாயைப் பிளந்து, “அண்ணாச்சி கைன்னா கைதான்!” என்றார். நான் நாற்காலியைத்தான் பார்த்தேன். அப்பா ஒரு நூல்கூடச் சரியவில்லை. ‘பிரமாதம்’ என்ற ஆசாரியின் வார்த்தை எனக்கே வாயில் வந்தது.

ஆட்கள் போனபிறகு அப்பா சொன்னார்: “அவன் வெல பேசலைலே. நோயாளியப் பாக்க வந்தவன் ஆரஞ்சுப்பழம் குடுத்துட்டுப் போற மாதிரி குடுத்துட்டுப் போறான்.”

“நல்ல வெலதானப்பா.”

“கூறுகெட்ட வெல. சண்ட போடட்டும்னு வேணும்னேதான் கூட்டி அமுக்கினேன். அதுக்கும் சரிங்கான்.” வலது கையை என் தோளில் போட்டு, “என்னையத் தூக்கு” என்றார்.

மறுநாள் நான் கடைக்குக் கூப்பிட்டபோது, “நீ போய்க் கடையத் தொற” என்றார். அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னார்.

சம்சாரி அடுத்த வண்டியோடு வந்தார். வியாபாரியும் வந்தார். காலியாக இருந்த நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு, மூட்டைமேல் உட்கார்ந்து, என் பக்கமாகக் கையை நீட்டினார். நான் இன்னொரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியாது, வலது பக்கம் தள்ளிவிட்டுவிடும். துண்டு விழுந்தது. மனிதர் என்னிடம் துளியும் தாட்சண்யம் காட்டவில்லை. விலையை ஒவ்வொரு கணுவாக இறக்கினார். நான் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கடைசிவரை இறங்கிப்போனேன். சம்சாரி விலையைக் கேட்டுவிட்டுத் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மிச்ச வத்தல ராயகிரி மச்சான்ட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன் தம்பி.”

அவருக்கு ராயகிரியில் மச்சான் யாரும் கிடையாது.

வீட்டுக்குப் போனபோது அப்பா விழித்திருந்தார். விலை என்ன என்று கேட்கவில்லை.

“சண்ட போட்டானா?”

“போட்டான்.”

“வெரலு வலிக்கா?”

“வலிக்குப்பா.”

“ம்” என்றார். வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டார்.