அம்மாவின் கசெற்றில் கடைசிக் கேள்வி

வருகிற சனிக்கிழமை என் மகளுக்குச் சமயப் பரீட்சை. அதே நாள் பின்னேரம் தமிழ். "அம்மா, கேள்வியெல்லாம் போன்ல ரெக்கோர்ட் பண்ணித் தாங்கோ. பஸ்ல கேட்டுக்கொண்டு போறன்" என்று கேட்டாள். புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்ட முகம் அவளுக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேலையை என் அம்மா எப்போதோ செய்து முடித்துவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஊரை விட்டு வந்த குளிர் தேசத்தில், டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒரு அடுக்குமாடியில் அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாலு பேர். அப்பாவுக்கு ஒரு உணவகத்துச் சமையலறையில் பகல் வேலை. அம்மாவுக்குப் போத்தல் மூடி செய்கிற ஃபக்டரியில் பின்னேர வேலை. நாங்கள் பள்ளிக்கூடத்தால் வரும்போது அம்மா சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பார். அம்மா லிஃப்டில் இறங்க, அப்பா அதே லிஃப்டில் ஏறி வருவார். கிழமை நாட்களில் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது அநேகமாக அந்த லிஃப்ட் வாசலில்தான்.

வாசலுக்குப் பக்கத்தில் குளிர் ஜக்கற் கொழுவுகிற அலுமாரிதான் எங்கள் சாமியறை. ஜக்கற்றுகள் கதிரைகளில் கிடந்தன. பிள்ளையாரும் முருகனும் அம்மனும் அலுமாரிக்குள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா கற்பூரம் கொளுத்தும் முன்னர், அப்பா கதிரையில் ஏறி, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியைக் கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்குப் போட்டு விடுவார். அம்மாவுக்கு அது எட்டாது. போட்டு முடிந்ததும் அப்பா பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே பனி கொட்டினாலும் அங்கேதான் நிற்பார். உள்ளே பூசை மணி அடித்து ஓய்ந்த பிறகு வந்து தொப்பியைக் கழற்றுவார்.

முன்பு அப்பா அப்படி இல்லையாம். ஊரில் ஷெல் விழுந்து சித்தப்பா செத்துப் போனார் என்று தொலைபேசியில் செய்தி வந்த நாளில் இருந்துதான் அலுமாரிக்கு முன்னால் நிற்பதை விட்டார். "நான் கேட்டது ஒண்டே ஒண்டு. என்ர தம்பியை மட்டும் காப்பாத்து எண்டு. அதுகூட இல்லை" என்று ஒருமுறை சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. அம்மாவும் அவரை வா என்று கூப்பிட்டதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மணி அடிக்கும்போது அம்மாவின் கண் பல்கனிக் கண்ணாடிப் பக்கம் ஒருக்காப் போய் வரும். அப்பா கடவுளோடு கோபம் என்பது எனக்கு விளங்கியது. நானும் தம்பியோடு கோபம் போடுகிற ஆள்தான். ஆனால் எங்கள் கோபம் அடுத்த நாளே தீர்ந்துவிடும். அப்பாவின் கோபம் ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது என்றுதான் யோசிப்பேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முந்திய வருடம் நான் தமிழில் பாஸ், சமயத்தில் ஃபெயில். இன்னொரு முறை ஃபெயில் விட்டால் தம்பியின் வகுப்பிலேயே இருக்கவேண்டி வரும். அவனோ, "அக்கா, பயப்பிடாதை. எனக்குப் பக்கத்தில உனக்கொரு கதிரை பிடிச்சு வைக்கிறன்" என்று ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதலை நினைத்து அழுதிருக்கிறேன்.

பின்னேரங்களில் படிப்பிக்க அப்பா மட்டும்தான் வீட்டில். தமிழ் என்றால் அவருக்குச் சந்தோஷம். 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "எங்கள் ஊரில் ஒரு பிளாசா உண்டு. அதில் மூன்று கொத்துரொட்டிக் கடைகள் உண்டு. எங்கள் லிஃப்ட் அடிக்கடி பழுதாகும்" என்று எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு, "எல்லாம் உண்மைதான். ஒரு ஆறு குளம் போடு பிள்ளை, மார்க்ஸ் கூடக் கிடைக்கும்" என்றார். ஆனால் சமயப் புத்தகத்தைக் கொண்டுபோனால் முகம் மாறிவிடும். "அதை அம்மாட்டக் கேள்" என்பார். அம்மா வேலையால் வரும்போது நான் நித்திரையாகிவிடுவேன்.

அப்போதுதான் அம்மா கசெற்றைக் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமி அலுமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்து உட்கார்ந்து, ரேப் ரெக்கோடரை மடியில் வைத்து, கேள்வியெல்லாம் பதிந்தார். ஒரு கேள்வி, பிறகு நான் விடை சொல்வதற்கு ஒரு இடைவெளி, பிறகு அடுத்த கேள்வி. வேலைக்குப் போகும்போது, "பின்னேரம் போட்டுக் கேள். நான் பக்கத்தில இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு பதில் சொல்லு" என்றார்.

என்னைப் பெற்றவர் அல்லவா, என் குணமெல்லாம் அவருக்குத் தெரியும். மூன்றாவது கேள்வி முடிந்ததும் கசெற்றுக்குள் இருந்து, "காலை ஆட்டாதை" என்று ஒரு சத்தம் வரும். சரியாக அந்த நேரம் நான் காலை ஆட்டிக்கொண்டுதான் இருப்பேன். "ஆட்டேல்லை அம்மா" என்று ரேப்புக்குப் பதில் சொல்வேன். தம்பி கதிரைக்குக் கீழே விழுந்து சிரிப்பான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, "விபூதியை எப்பிடிப் பூசவேணும்?" என்று கசெற் கேட்டது. "ஒரு விரலால்" என்றேன். குசினியில் வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது.

"மூண்டு விரல்" என்றார் அப்பா. "வலக்கையில நடு விரல் மூண்டும். நிலத்தில சிந்தாமல்." பிறகு தன்மேலேயே கோபம் வந்தவர் போல வெங்காயத்தை இன்னும் வேகமாக வெட்டினார்.

அதன் பிறகு அப்பாவுக்கு வாயை அடக்க முடியவில்லை. நான் பிழை விட்டால் குசினியில் இருந்து திருத்தம் வரும். நான் யோசித்தால் எனக்கு முதலே விடை வரும். தம்பி, "அப்பாவுக்கு ஃபுல் மார்க்ஸ்!" என்று கத்துவான். "பேசாமல் இரடா" என்பார். ஆனால் கசெற் போடுகிற நேரத்துக்கு ஏதாவது வெட்டுகிற வேலை வைத்துக்கொண்டு அங்கே நிற்பார்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்வதில்லை. "உயிர் உடம்பை விட்டுப் போனாப் பிறகு எங்க போய்ச் சேருது?" என்று அம்மாவின் குரல் கேட்கும். "இறைவன் திருவடியில்" என்று நான் சட்டென்று சொல்லிவிடுவேன். அது எனக்கு மனப்பாடம். ஆனால் ரேப் அதோடு நிற்காது. அம்மாவின் குரல் இல்லாமல், தூரத்து மழை போல இரைந்துகொண்டு ஓடும். நான் புத்தகத்தை மூடி, பென்சிலை எடுத்து வைத்து, தம்பிக்கு ஒரு குட்டும் போட்டு முடிந்த பிறகுதான், "சரி. சாப்பிட்டிட்டுப் படுங்கோ" என்று அம்மா சொல்வார். அவ்வளவு நேரமும் குசினியில் சத்தமே இருக்காது.

பரீட்சைக்கு முதல் நாள் ரேப் ரெக்கோடர் கசெற்றைச் சாப்பிட்டுவிட்டது. நாடா வெளியே வந்து நூடில்ஸ் போலச் சுருண்டு கிடந்தது. அப்பா கசெற்றின் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றப் பார்த்தார். அது அறுந்தே போய்விட்டது. நான் பெரிதாக அழத் தொடங்கினேன். "பிள்ளையாரே, என்னைத் தம்பியோட இருத்திப்போடாதை" என்று அலுமாரியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"அழாதை. வா, இரு" என்றார் அப்பா. கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் கேள்வி. இரண்டாம் கேள்வி. ஒன்றும் மாறவில்லை, அம்மா கேட்ட அதே ஒழுங்கு. மூன்றாவது முடிந்ததும், "காலை ஆட்டாதை" என்றார்.

கடைசிக் கேள்வி வந்தபோது எழுந்துவிட்டார்.

"இன்னும் ஒண்டு இருக்கு அப்பா" என்றேன்.

"அது உனக்குப் பாடம்தானே பிள்ளை. சோறு அடிப்பிடிக்குது" என்று குசினிக்குப் போனார். சோறு அப்போது அடுப்பிலேயே இல்லை.

அடுத்த நாள் காலை அம்மா ஓவர்ரைம் என்று வெளிக்கிட்டுப் போய்விட்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு விபூதி பூசி அனுப்ப வீட்டில் வேறு ஆள் இல்லை. அப்பா அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திறந்தார். "வாங்கோ ரெண்டு பேரும்." மூன்று விரலால், நிலத்தில் சிந்தாமல், தம்பிக்குப் பூசினார், எனக்குப் பூசினார். விரல்களில் விபூதி மிஞ்சியிருந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கோ நேரம் போய்க்கொண்டிருந்தது.

"நிலத்தில சிந்தக்கூடாது அப்பா" என்று ஞாபகப்படுத்தினேன்.

அப்பா அதைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார்.

வாய்மொழிப் பரீட்சையில் ஒரு வயதான ஐயா கேள்வி கேட்டார். முதல் இரண்டு கேள்விக்கும் நன்றாகச் சொன்னேன். மூன்றாவதுக்கும் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், "ஆட்டேல்லை அம்மா" என்றேன். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் பிள்ளை ஆட்டினது? நான் அம்மாவும் இல்லையே" என்றார். கதவடியில் நின்ற அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அப்பால் திரும்பினார். அவருடைய தோள் குலுங்கியதைக் கண்டேன். கடவுள் கிருபையால் அந்த முறை பாஸ். தம்பி பிடித்து வைத்த கதிரை வெறுமையாகவே கிடந்தது.

பின்னேரம் அம்மா வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கசெற் அறுந்தது, ஐயா கேட்டது, எல்லாம். விபூதிக் கதையையும் சொன்னேன். "மிஞ்சினதை அப்பா தன்ர நெத்தியில பூசிப்போட்டார் அம்மா. நான்தான் சொன்னனான், சிந்தக்கூடாது எண்டு." அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் பாத்திரம் நிரம்பி வழிந்தது. அவர் குழாயைப் பூட்டவில்லை. என் கெட்டித்தனத்தில்தான் அம்மா அப்படி அசந்துபோய் நிற்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா புகை அலாரத்துக்குத் தொப்பியைப் போட்டார். பல்கனிக் கதவு வரை போனார். அதைத் திறக்காமல் திரும்பி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மணியை மட்டும் வழக்கத்தை விடக் கூட நேரம் அடித்தார்.

இப்போது மகளுக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு சாமியறையில் இருக்கிறேன். கேள்வியைச் சொல்லி, அவள் விடை சொல்லும் அளவுக்கு விட்டு, அடுத்ததைச் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு வந்ததும் பதிவை நிப்பாட்டுகிறேன். அந்தக் கேள்வி எங்கள் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. இருந்திருக்காது. அதற்கு நான் சொன்ன விடை இரண்டே சொல். அதற்குப் பிறகு ரேப் அவ்வளவு நேரம் சும்மா ஓடியது. குசினியில் அப்பாவின் கத்தியும் அவ்வளவு நேரம் நின்றது.

அம்மா நிப்பாட்ட மறந்துபோனார் என்றுதான் அப்போது நினைத்தேன்.