மிளகைப் போல வைத்திருந்த பங்குகள்

பல்லேபொலையில் மிளகு வாங்கி விற்பவன் நான். விலை இறங்கினால் மூட்டையைக் கட்டி வைப்பேன். அடுத்த போகத்தில் ஏறிவிடும். அதே நினைப்பில்தான், புதிய மருந்தொன்றைச் சோதித்துக்கொண்டிருந்த கம்பனியின் பங்குகளை வாங்கினேன். நானும் மனைவியும் ஹஜ்ஜுக்கென்று சேர்த்த காசு அது.

அந்த மருந்து நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை என்று அறிவித்த அன்றே பங்குத் தரகர் எனக்குப் போன் எடுத்தார். "இப்பவே வித்துருங்க நானா, மிச்சமாவது கைக்கு வரும்."

"காஞ்ச மிளகு கெட்டுப்போகுமா தம்பி?" என்று சிரித்தேன்.

அந்தக் கம்பனியிடம் வேறு மருந்தே இருக்கவில்லை. சில மாதங்களில் கம்பனியையே மூடிவிட்டார்கள்; ஹஜ் காசும் அதோடு போயிற்று.

இப்போது மிளகை வாங்கிய அன்றே விற்றுவிடுகிறேன். "கொஞ்சம் பொறுத்தா விலை வரும்தானே" என்கிறாள் மனைவி. வரும், எனக்கும் தெரியும். பொறுக்கத்தான் முடியவில்லை.